70 ரூபாய் கேபிள் 320 ரூபாய் ஆனது எப்படி? வீட்டு டிவி செலவுக்கு ஒரு கணக்கு



போன வருஷம் ஒரு நாள், ஆவடியில எங்க வீட்டுக்கு கேபிள் அண்ணன் வசூலுக்கு வந்தார். 320 ரூபாயை எண்ணிக் கொடுத்துட்டு அம்மா கேட்டாங்க: "முன்னாடி 70 ரூபாதானேப்பா கொடுத்தோம்?" உங்க வீட்லயும் இதே கேள்வி வந்திருக்கும். வாங்க, கணக்கு பார்க்கலாம்.

அந்த 70 ரூபாய் எங்கே போச்சு?

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்க ஆரம்பிச்சது. அப்போ அனலாக். ஒரே ஒயரை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிச்சா ரெண்டு டிவியும் ஓடும். அதே 2011-ல் வந்த சட்டத் திருத்தம், நாடு முழுக்க கேபிளை டிஜிட்டலுக்கு மாற்றச் சொன்னது. 2017 ஏப்ரலில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைச்சது. செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

பாக்ஸ் இலவசம்தான். ஆனா 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த புது முறையில், 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 153.40. கட்டணச் சேனல்களுக்குத் தனியா காசு. ரெண்டாவது டிவிக்குத் தனி பாக்ஸ். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துடுச்சு.

வருஷத்துக்கு 840 ரூபாயா இருந்தது, எங்க வீட்ல 3,840 ஆச்சு.

நான் செஞ்ச தப்பு

"கேபிளே வேணாம்மா, மொபைல்ல பாருங்க"ன்னு இணைப்பைக் கட் பண்ணிட்டேன். ரெண்டு ரிமோட்டைப் பழகவே கஷ்டப்பட்ட அம்மா, ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரம் சாயங்காலம் வீடே நிசப்தமா இருந்துச்சு.

அப்புறம்தான் என் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். மூணு ஓடிடிக்கு மாசம் 540 ரூபாய், ஆட்டோ டெபிட்ல போயிட்டிருந்தது. நான் பார்த்தது ஒண்ணே ஒண்ணு. அம்மாவோட ஒரே பொழுதுபோக்கை நிறுத்திட்டு, என் வீண் செலவை விட்டுவெச்சிருந்தேன்.

இந்த வாரம் இதைச் செய்யுங்க

1. வீட்ல உண்மையிலேயே பார்க்கிற சேனல்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க. கட்டணச் சேனலைத் தனித்தனியா வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு. பேக் விலையோட ஒப்பிட்டு, எது கம்மியோ அதை எடுங்க.
2. பழைய டிவிக்கு எச்.டி. சேனல் போட்டிருக்கான்னு பாருங்க. படத்துல வித்தியாசம் தெரியாது, காசுதான் கூட.
3. ரெண்டாவது டிவிக்கு டிடி ஃப்ரீ டிஷ் யோசிக்கலாம். டிஷ், பாக்ஸுக்கு ஒரு தடவை செலவு. மாசக் கட்டணம் இல்லை. ஆனா முன்னணி தமிழ் கட்டணச் சேனல்கள் அதில் வராது. வீட்ல கேட்டுட்டு முடிவெடுங்க.
4. யுபிஐ, கார்டு ரெண்டுலயும் ஆட்டோ பே லிஸ்ட்டைத் திறந்து, பார்க்காத ஓடிடியை நிறுத்துங்க.

எனக்கு மிச்சமானது

கேபிள் திரும்ப வந்துடுச்சு, 320-க்குப் பதிலா 250 ரூபாய்க்கு. ரெண்டு ஓடிடியை நிறுத்தினதுல 360. மொத்தம் மாசம் 430, வருஷத்துக்கு 5,160 ரூபாய். அது இப்போ எமர்ஜென்சி ஃபண்டுக்கான ஆர்.டி.யில போகுது.

செலவைக் குறைக்கிறது நல்லதுதான் நண்பர்களே. ஆனா கத்திரியை முதல்ல நம்ம ஸ்டேட்மென்ட்ல வைப்போம். அம்மா, அப்பாவோட சாயங்காலத்துல வேண்டாமே.