மாடி ஒழுகுகிறதா? மழைக்கு முன் கவனியுங்கள்!

பெங்களூரு பீன்யாவில் 1970-களில் தொழிற்பேட்டை எழுந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் பக்கங்களிலிருந்து வந்து லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்று உழைத்தவர்கள் பலர். சீட்டுப் பிடித்து, கடன் வாங்கி, தளம் போட்டு ஒரு சின்ன வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. மழை வந்தால் நடுவீட்டில் குண்டான் வைக்க வேண்டியிருக்கிறது.

ஊரில் ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. பெங்களூரில் அப்படியில்லை. மே மாத இடிமழையில் தொடங்கினால் அக்டோபர் வரை தளம் நன்றாகக் காய்வதே இல்லை. செப்டம்பரில்தான் மழை மிக அதிகம். ஆகவே ஒழுக்கை அடைக்க ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை ஆகும்.

ஆனால் நடப்பது என்ன? மழை விட்ட மறுநாளே டப்பா வாங்கி வந்து பூசிவிடுகிறார்கள். வெயில் பட்டதும் தளத்துக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தள்ளுகிறது. கொப்புளம் கிளம்பி, பூச்சு தோல் தோலாக உரிகிறது. அரை மாதச் சம்பளம் போய்விடும். பழி மட்டும் கடைக்காரர் மேல்!

ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட வேண்டும். அடியில் வியர்த்திருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை என்று அர்த்தம். புதிதாகப் போட்ட தளமானால் 28 நாள் பொறுப்பது நல்லது.

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு காய்ந்த தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். தளம் உறிஞ்சினால் பூச்சு பிடிக்கும். முத்துப்போல் நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இருக்கிறது. வீட்டிலேயே மெஷின் சாமான் கழுவுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெடிப்பின் மேல் அப்படியே பூசினால் அடுத்த கோடையில் மறுபடி பிளக்கும். உளியால் சற்று அகலப்படுத்தி, தூசி தட்டி, பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்தால் அடைக்க வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் பெரும்பாலும் ஒழுகும். அங்கே சாந்து வைத்து உருட்டிவிட்டு, சுவரில் ஓர் அடி உயரம் வரை பூச்சை ஏற்ற வேண்டும். முதல் பூச்சு குறுக்காக, அது காய்ந்தபின் இரண்டாவது நெடுக்காக.

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். டப்பாவில் வரும் பூச்சுக்கு அந்தப் பாடு இல்லை. பொறுமை மட்டும் வேண்டும்.

கூரையின் உட்புறம் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறதா? பூச்சில் பணம் போடாதீர்கள். துரு பருத்துக் காங்கிரீட்டையே பிளந்துவிடும். கீழே படுத்திருக்கும் பிள்ளைகள் மேல் விழலாம். உடனே ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டினால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள்.

மழையே இல்லாத பிப்ரவரியிலும் கூரையில் ஈரம் தெரிந்தால் மாடித் தண்ணீர்த் தொட்டியையும் குழாய் மூட்டுகளையும் பாருங்கள்.