நீக்கும் முன் தேடினீர்களா?

கணினித் திரையில் மட்டுமே அறிமுகமானவர்கள் எதற்காக ஓரிடத்தில் கூட வேண்டும்? 2023 ஏப்ரல் 28 முதல் 30 வரை ஹைதராபாதில் நடைபெற்ற இந்திய விக்கி மாநாட்டுக்கு நான் புறப்பட்டபோது வீட்டில் எழுந்த கேள்வி இது. மும்பையில் 2011-இலும், சண்டிகர் அருகே 2016-இலும் நடந்தவற்றுக்குப் பிறகு கூடிய மாநாடு அது. எழுதுவதற்கு ஊதியம் இல்லை. கட்டுரையின் தலைப்பில் பெயரும் இருக்காது. இதற்காக விடுப்பெடுத்துச் செல்வானேன் என்ற வியப்பு நியாயமானதே. ஆனால், என் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. இதே பணியில் இருப்பவர்களிடம்தான் அதைச் சொல்ல முடியும்.

ஆங்கிலத்தில் 2001-இல் பிறந்த விக்கிப்பீடியா, 2003-இல் தமிழுக்கு வந்தது. இன்று தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். எழுதிப் பழகும் இடத்துக்கு ‘மணல்தொட்டி’ என்றும், பொது விவாதம் நடக்கும் இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்றும் பெயர். வாயில் இவ்வளவு அகலமாக இருந்தாலும் உள்ளே கண்டிப்பான விதி ஒன்று உண்டு. எழுதப்படும் செய்தி, நம்பகமான நூலிலோ இதழிலோ ஏற்கெனவே வெளியாகியிருக்க வேண்டும். படிப்பவர் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். ‘எனக்குத் தெரியும்’ என்பது சான்றாகாது.

மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன், புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கண்மாய் குறித்துப் புதிய பயனர் ஒருவர் எழுதியிருந்தார். குமிழி மடை எங்கே இருக்கிறது, எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் பாயும், மழை பொய்த்த ஆண்டில் பங்கீடு எவ்வாறு மாறும் என்று விரிவாக விளக்கியிருந்தார். சான்று ஒன்றும் இல்லை. விதிப்படி நீக்கப் பரிந்துரைத்தேன்; கட்டுரை நீக்கப்பட்டது. உரையாடல் பக்கத்தில் அவர் ஒரு வரி மட்டும் எழுதினார்: “அந்த மடையைத் திறந்து அடைத்தவர் என் அப்பா.” அதன் பிறகு அவர் வரவே இல்லை.

ஹைதராபாதில் மதிய உணவின்போது இதைச் சொன்னேன். எதிரில் சந்தாலி மொழியில் எழுதும் இளைஞர் அமர்ந்திருந்தார். அம்மொழியின் விக்கிப்பீடியா 2018-இல்தான் தொடங்கியது. “நூல்களே குறைந்த மொழியில் நூற்சான்று கேட்டால் நாங்கள் எங்கே போவது?” என்றார் அவர். இக்கேள்வி புதிதன்று. வாய்மொழித் தகவலைப் பதிவு செய்து சான்றாக்கும் முயற்சி 2011-இலேயே மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் நடந்தது. ஆனால், அது பொது விதியாகிவிடவில்லை. அருகிலிருந்த தெலுங்குப் பங்களிப்பாளர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “நீக்கும் முன் நீங்கள் தேடினீர்களா?”

நான் தேடவில்லை. நீக்கப் பரிந்துரைக்க ஒரு நிமிடம் போதும். சான்று தேட ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளின் சுமையைப் புதியவர் தலையில் ஏற்றிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் தேடினேன். புதுக்கோட்டை இவ்வகையில் பேறு பெற்ற மண். அச்சமஸ்தானத்தின் கல்வெட்டுகள் 1929-இல் தொகுத்து வெளியிடப்பட்டன. சமஸ்தானத்தின் விரிவான வரலாற்றுக் கையேடு 1938 முதல் 1944 வரை தொகுதிகளாக வந்தது. அந்தக் கண்மாயின் குமிழிக் கல்லில் உள்ள வாசகம் கல்வெட்டுத் தொகுப்பில் அச்சாகியிருந்தது. நிர்வாகி ஒருவரிடம் வேண்டிக் கட்டுரையை மீட்டேன். ஆனால், பாதிதான் மீண்டது. நீர்ப் பங்கீட்டு முறை எந்த நூலிலும் இல்லை. அது அந்தத் தந்தையின் நினைவில் மட்டுமே இருந்தது.

விதியைத் தளர்த்தினால் என்ன என்று கேட்கலாம். தளர்த்தினால் கண்மாய்க் கட்டுரைக்கு முன்பாகச் சாதிப் பெருமையும் குடும்பப் புகழும் கட்சிப் பொய்யும் உள்ளே நுழையும். விதி இருக்கட்டும், சான்றுகள் பெருகட்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2,000-க்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்கு வழங்கியது நல்ல முன்னுதாரணம். அதுபோலக் கல்லூரிகளில் தூசு படிந்து கிடக்கும் ஊராய்வேடுகளை மின்னாக்கிப் பொதுவில் வைக்கலாம். மாணவர்கள் தம் ஊர்க் கண்மாயின் வழக்காறுகளை மூத்தோரிடம் கேட்டுப் பதிவு செய்ய, துறையினர் சரிபார்த்து நூலாக வெளியிடலாம். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களும் இப்பணியில் பங்கேற்கலாம். அச்சில் வந்த, சரிபார்க்கத்தக்க ஒரு செய்தியே பின்னாளில் சான்றாக நிற்கிறது.

கேள்விக்கு உடனே விடை சொல்லும் இயந்திரங்களும் விக்கிப்பீடியாவைப் படித்தே பழகுகின்றன. அங்கு இல்லாத ஊர், நாளை அவற்றின் விடைகளிலும் இல்லாமல் போகும். நம் மூத்தோரின் நினைவு மறைவதற்குள் அது ஏட்டில் ஏற வேண்டும் என்ற அவசரம் இதனால் கூடியிருக்கிறது.

அப்பயனரின் உரையாடல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்; கட்டுரை மீண்டதையும், தந்தையின் நினைவுகளைப் பதிவு செய்ய வர விரும்புவதையும் தெரிவித்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால், அன்று முதல், சான்றில்லாத கட்டுரை எதைக் கண்டாலும் முதலில் நூலகத்துக்குச் செல்கிறேன்.