கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்?

இந்தியாவில் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் முதன்முதலில் மருத்துவ ஏடுகளில் பதிவானது 1947இல். பதிவான இடம் எங்கள் கோலார் தங்கவயல். பாறையில் துளை போடும்போதும் வெடி வைக்கும்போதும் கிளம்பும் கல்தூசி மூச்சோடு உள்ளே போய்ப் படிந்து, நுரையீரலில் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பைக் கரைக்க இன்றுவரை மருந்து கிடையாது. என் அப்பா இங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அவருக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். தூசி படிந்த அவருடைய சட்டையை நாள் தவறாமல் உதறித் துவைத்த அம்மாவுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமே என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அம்மாவுக்கே தோன்றியதில்லை.

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளுக்குப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் உடல்நலக் கணக்கில் பாதி கைக்கு வந்துவிடும்.

எங்கள் ஊரைச் சினிமாவில் பார்த்தவர்கள் உண்டு, நேரில் வந்து பார்த்தவர்கள் குறைவு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தாத்தன்மார்கள் கும்பல் கும்பலாக வந்து இறங்கினார்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே இங்கே மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதும். வீட்டில் உலை வைப்பதும் பிள்ளைகளை எழுப்புவதும் அந்தச் சங்கை வைத்துத்தான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு எல்லாம் மூடப்பட்டது. வேலை இழந்த ஆண்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த வீடுகளில் பெண்களின் நாள் எப்படி மாறியது என்பதைப் பற்றி எழுதியவர்கள் சிலர்தான்.

இப்போது சங்குக்குப் பதில் ரயில். மாரிக்குப்பத்திலிருந்து உரிகம், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு விடிகாலையிலேயே ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. எண்பது கிலோமீட்டருக்கு மேல். போக வர நாளில் நான்கைந்து மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது.

சாம்பியன் ரீஃபில் ஒரு லைன் வீடு. அந்த வீட்டு மருமகள் பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கிறாள். தலைசுற்றல் என்று மாமியார்தான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண் இமையின் உட்புறத்தை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நகமும் அப்படியே.

"காலையில என்னம்மா சாப்பிட்டே?"

"டீ குடிச்சேன் சிஸ்டர். ரயில்ல சாப்பிட்டுக்கலாம்னு டப்பா எடுத்துக்கினு போறேன். நிக்கவே எடம் இருக்காது, எங்க தொறக்கறது?"

"ராத்திரி?"

அவள் பதில் சொல்லவில்லை. மாமியார் சொன்னார்: "எல்லாரும் துன்னு முடிச்சப்புறம் இருக்கறத துன்னுவா. நான் சொன்னா கேக்க மாட்டா."

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். அவள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பெண்களுக்கு மேல் நாள் முழுக்கக் களைப்போடு வேலை செய்துகொண்டு, அதைத் தங்கள் சுபாவம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். வாங்கி வந்துவிட்டால் மட்டும் போதாது. டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது; ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டால் நன்றாக ஒட்டும். எங்கள் ஊர்க் கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் இரும்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கீரை, பயறு, ஈரல், கறி எல்லாம் வேண்டும். கறியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கும் வீட்டில் துண்டு யார் தட்டில் விழுகிறது, வெறும் குழம்பு யார் தட்டில் விழுகிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அள்ளி வைக்கிற கை தன்னைக் கடைசியாக நினைக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் நான் மருமகளிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு நேரமே இல்லாதபோது இன்னொரு வேலையைத் தலையில் ஏற்றி என்ன பயன்? மற்றவர்களைத்தான் உட்கார வைத்துப் பேசினேன். பழைய சுரங்கத் தொழிலாளியான மாமனார் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப்போய் வரும் வேலையை ஏற்றுக்கொண்டார். புருஷன்காரன் ராத்திரியே காய் நறுக்கி வைத்துவிட்டுப் படுக்கிறான். காலையில் அவள் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறாள், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குப் போகிறாள். ராத்திரி அவள் வந்ததும் முதல் தட்டு அவளுக்கு. இதற்கு முதலில் மறுத்தவள் அவளேதான்: "மாமா சாப்பிடாம நான் எப்படி அத்தே?" மாமியார் பேச்சை வளர்க்காமல் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்தது தூசி. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சியதைக் கொட்டிக் கொட்டி எங்கள் ஊரைச் சுற்றி மேடுகள் எழும்பின. சயனைட் மேடு என்போம். பதின்மூன்று மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல் என்று கணக்கு. ஆடிக்காற்று அடித்தால் அந்த மாவு வீட்டுக்குள் வந்து பாயில், பாத்திரத்தில், குழந்தையின் தலைமாட்டில் படியும். குழிக்குள் துளைக் கருவியின் வழியே தண்ணீர் விட்டுத் தூசியை எழும்பாமல் அமுக்கும் முறை உண்டு. வீட்டுக்கும் அதுவே வழி. காற்றுக் காலத்தில் துடைப்பத்தால் காய்ந்த தரையைப் பெருக்கினால் படிந்த தூசி மூச்சு மட்டத்துக்கு எழும்பும். ஈரத்துணியால் துடையுங்கள். குடிதண்ணீருக்கும் மாவுக்கும் மூடி போடுங்கள். மேட்டில் பிள்ளைகளைச் சறுக்கி விளையாட விடாதீர்கள். மேடுகள் பறக்காமல் செடி வளர்த்து மூடுவது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இருமலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுரங்கம் மூடியபோது முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். குழியை விட்டு வந்து எத்தனை காலமானாலும், நெஞ்சில் தங்கிய கல்தூசி இருந்த இடத்திலேயே இருக்கும். புதுத்தூசி படாமலேயே நோய் முற்றவும் கூடும். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டின் நிழலும் ஒன்றுபோலத் தெரிந்து டாக்டரையே குழப்பும். காசநோய் என்றால் ஒரே அறையில் படுக்கும் பேரக்குழந்தை வரைக்கும் அது போகும். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டு வந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆகியிருக்கிறது. வீட்டில் கூட இருப்பவர்களையும் சோதித்து, நோய் இல்லையென்றால் வராமல் தடுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். "எங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்று அதை வாங்காமல் வந்துவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வாங்குங்கள்.

பெரியவரை டாக்டரிடம் அழைத்துப்போகும்போது இருமல் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், சுரங்கத்தில் இருந்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள். பெங்களூரில் புதிதாகப் பார்க்கும் இளம் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எந்தச் சுரங்கம், குழிக்குள் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேர்த்து ரேஷன் கார்டோடு வையுங்கள். அதே தாளில் அம்மாவின் ஹீமோகுளோபினையும், பிரஷரையும், கடைசியாகப் பார்த்த தேதியையும் எழுதுங்கள். அவரும் அந்த வீட்டுக்காரர்தான்.