நல்லா பார்த்துக்கிட்ட பேட்டரி ஏன் சீக்கிரம் செத்துப்போச்சு?

போன சித்திரையில் ஒரு ஞாயித்துக்கிழமை, பல்லடம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் மாமா போன் பண்ணினார். "மாப்ள, அந்தப் புல்லு வெட்டற மெசினு அஞ்சு நிமிசத்துல நின்னு போகுதுங்க. வாங்கி ஒரு வருசம்கூட ஆகல. நான் ஒருநாளும் சார்ஜ் இல்லாம வெச்சதில்லீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே பதில் இருந்தது. ஆனா அது எனக்கும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் உறைச்சது.

சிமெண்ட் ஷீட் போட்ட மோட்டார் ரூம். ஸ்டார்ட்டருக்குக் கீழே ஒரு பலகை. அதில் சார்ஜர், சார்ஜரில் பேட்டரி. புல் வெட்டி முடிச்ச சூட்டோடு கொண்டுவந்து மாட்டிடுவார். அடுத்த வாரம் தேவைப்படும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும், பச்சை லைட் எரிஞ்சபடி. அவர் கொஞ்சம் அலட்சியமாக இருந்திருந்தால் அந்த பேட்டரி இன்னும் கொஞ்ச காலம் உழைச்சிருக்கும்.

இது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, எந்த பேட்டரி வாங்கணும், எப்படி சார்ஜ் போடணும் என்ற ரெண்டு கேள்விக்கும் சேர்த்தே விடை கிடைச்சிடும்.

மூணு பேட்டரி, மூணு குணம்

நம்ம ஊர்க்காரங்களுக்கு பேட்டரி பாடம் எடுத்தது இன்வெர்ட்டர்தான். 2008-ல் ஆரம்பிச்சு 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு ஞாபகம் இருக்கும். வீடுதோறும் ஈய-அமில பேட்டரி வந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊத்து, எப்பவும் முழு சார்ஜில் வை, காலியா விடாதேன்னு கத்துக்கிட்டோம். முதுகில் மாட்டும் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரிலும் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிதான். 1859-ல் பிளாண்டே கண்டுபிடிச்ச இந்த வகைக்கு அந்தப் பழக்கம் ரொம்பச் சரி. காலியாக விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிடும், திரும்ப சார்ஜ் ஏறாது. அதனால் முழு சார்ஜில் இருப்பதுதான் அதுக்கு நல்லது.

ரெண்டாவது, நிக்கல்-காட்மியம். பழைய கார்ட்லெஸ் டிரில், ஷேவர் எல்லாம் இதில் ஓடியவை. "முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்ற அறிவுரை இங்கிருந்து வந்தது.

மூணாவது லித்தியம்-அயான். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது. இன்னைக்கு கடையில் கிடைக்கும் கார்ட்லெஸ் புல் வெட்டி, வேலி ட்ரிம்மர் எல்லாவற்றிலும் அநேகமா இதுதான். மேலே சொன்ன ரெண்டு அறிவுரையுமே இதுக்கு ஆகாது. முழுசா நிரம்பி இருப்பதும் பிடிக்காது, முழுசா காலியாவதும் பிடிக்காது. எல்லாத்துக்கும் மேல சூடு பிடிக்காது.

ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் மெல்ல மெல்ல சிதையும், சூடு அதை வேகப்படுத்தும். பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் வரும் தோராயக் கணக்கு இது: ஒரு வருஷம் சும்மா வெச்சிருந்தா, 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜில் இருந்த செல்லுக்கு 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். முழு சார்ஜில் இருந்ததுக்கு 80. அதையே 40 டிகிரியில் வெச்சா, 40 சதவீத சார்ஜில் இருந்ததுக்கு 85, முழு சார்ஜில் இருந்ததுக்கு 65 மட்டும். ஒரு புல்கூட வெட்டாமலே மூணில் ஒரு பங்கு போச்சு. சித்திரை மதியம் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் 40-ஐத் தாண்டுவது ஒண்ணும் அதிசயமில்லை.

வாங்கும்போது: லேபிளை எடை போடுங்க

திருப்பூரில் துணி 180 ஜிஎஸ்எம்னு சொன்னா யாரும் அப்படியே நம்புறதில்லை. ஜிஎஸ்எம் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கிப் பார்க்கிறோம். ஆனா அதே நாம பேட்டரி மேல் "48விஎஃப்", "88விஎஃப்"னு அச்சடிச்சிருந்தா 48 வோல்ட், 88 வோல்ட்னு நம்பிடறோம். பெரும்பாலும் அதுக்குள்ளே இருப்பது அஞ்சே அஞ்சு செல் வரிசைதான். அந்த நம்பர் ஒரு விற்பனைப் பெயர், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஒரு லித்தியம் செல்லின் சராசரி 3.6 வோல்ட். அஞ்சு செல் தொடரில் இருந்தா 18 வோல்ட். முழு சார்ஜில் 5 × 4.2 = 21. ஆக, 18 வோல்ட் மெஷினும் 21 வோல்ட் மெஷினும் ஒண்ணுதான், எதைச் சொல்லி விற்கிறாங்க என்பதில்தான் வித்தியாசம். பத்து செல்லா இருந்தா 36, முழுசா 42. இதையே 40 வோல்ட்னு விற்பாங்க. உண்மையைக் கண்டுபிடிக்க சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. அவுட்புட் 21 வோல்ட்னு இருந்தா அஞ்சு செல், 42-ன்னு இருந்தா பத்து செல். பேட்டரி மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்தது கொள்ளளவு. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினா வாட்-மணி. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி. நைலான் நரம்பு சுத்தும் ட்ரிம்மர் 300 வாட் இழுக்குதுன்னு வைங்க, கால் மணி நேரம்கூட வராது. பெட்ரோல் பிரஷ் கட்டர் ஒரு கிலோவாட்டுக்கு மேல் தரும். தென்னந்தோப்பு முழுக்க கோரையும் பார்த்தீனியமும் வெட்டணும்னா பெட்ரோல் மெஷின்தான். வீட்டுத் தோட்டம், வரப்பு ஓரம், சொட்டுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டிய இடம், கிளுவை வேலியின் நுனி, இதுக்கெல்லாம் பேட்டரி மெஷின் போதும்.

2 ஆம்பியர்-மணியா, 4-ஆ? கால் மணி நேரம் போதும்னாலும் பெரியதை வாங்குங்க. காரணம் ஓடும் நேரம் மட்டுமில்லை. 300 வாட்டை 18 வோல்ட்டில் எடுக்க சுமார் 17 ஆம்பியர் வேணும். அஞ்சு செல் மட்டும் இருக்கும் சின்ன பேக்கில் ஒவ்வொரு செல்லும் அந்த 17-ஐயும் தாங்கணும். பத்து செல் இருக்கும் பேக்கில் ரெண்டு ரெண்டா பங்கு போட்டு எட்டரைதான். செல்லுக்குள் உண்டாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் போகும். கரண்ட் பாதியானா சூடு கால்வாசி. அதனால ஆயுசும் கூடும்.

இப்போ தராசை எடுங்க. 18650 வகை செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம், ஒண்ணு ஏறக்குறைய 45 கிராம். அதில் பத்து போட்டா செல் மட்டுமே 450 கிராம். கொஞ்சம் பெரிய 21700 செல் அஞ்சு போட்டாலும் 350 வரும். ஆக, 18 வோல்ட் 4 ஆம்பியர்-மணின்னு சொல்ற பேக், பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தே 300 கிராம் வந்தா, லேபிளில் இருப்பது உள்ளே இல்லை. மாமாவின் பேக்கைக் காய்கறித் தராசில் வெச்சுப் பார்த்தோம். 370 கிராம்! லேபிள் என்ன சொன்னாலும் உள்ளே இருந்தது அஞ்சு சின்ன செல்தான். வெயில் பாதி, இது பாதி.

இன்னொண்ணு. இந்த மாதிரி பேட்டரிகளுக்கு இந்தியாவில் ஐஎஸ் 16046 தரப் பதிவு கட்டாயம். உறையில் அந்த எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா விலை குறைவா இருந்தாலும் வேண்டாம்.

சார்ஜ் போடும்போது

வெட்டி முடிச்சதும் பேக் சூடா இருக்கும். கையில் சூடு தெரியாத அளவுக்கு, அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிட்டு அப்புறம் போடுங்க. பொதுவா 0 முதல் 45 டிகிரி வரைதான் சார்ஜ் ஏத்தலாம். நல்ல சார்ஜர் சூடான பேக்கை ஏத்துக்காம காத்திருக்கும், மலிவானது அப்படியே ஏத்தும்.

பச்சை வந்ததும் கழட்டிடுங்க. நாளைக்கே வேலை இருக்குன்னா முழு சார்ஜ் போடலாம், தப்பில்லை. ரெண்டு மூணு வாரம் வேலை இல்லைன்னா, பேக்கில் இருக்கும் நாலு லைட்டில் ரெண்டு எரியும் நிலையில் வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வைங்க. ஐப்பசி மழையில் மாசக்கணக்கில் மெஷினைத் தொடாம இருக்கும்போது காலியாகவும் விடாதீங்க. தானா வடிஞ்சு ரொம்பக் கீழே போனா பாதுகாப்பு போர்டு சார்ஜையே அனுமதிக்காது. மெஷின் சத்தம் இறங்க ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிய வேண்டாம்.

அந்த மெஷினோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்க. ஸ்ப்ரேயர் சார்ஜரின் பின் இதில் பொருந்தினாலும் அது ஈய-அமிலத்துக்கான சார்ஜர், வோல்ட்டே வேற.

நம்ம ஊருக்குன்னே ஒரு எச்சரிக்கையும் இருக்கு. துடைக்கன்னு ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் இல்லாத ஷெட் திருப்பூரில் ஏது? அது மேலயோ, அது பக்கத்திலயோ சார்ஜ் போடாதீங்க. லித்தியம் செல் தீப்பிடிச்சா பஞ்சுக்குப் பத்த நேரமே வேண்டாம். வெறும் தரையில், ஆள் முழிச்சிருக்கும்போது போடுங்க. உப்பின, கீழே விழுந்து நசுங்கின, தண்ணியில் முங்கின பேக்கை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. குப்பையிலும் போடாதீங்க. குப்பை வண்டியில் நசுங்கினாலே பத்தும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு விதிகளும் வீட்டுக் குப்பையோடு கலக்காம தனியா ஒப்படைக்கச் சொல்லுது.

மாமாவுக்கு இப்போ 4 ஆம்பியர்-மணி பேக் ரெண்டு. தராசில் வெச்சுப் பார்த்துத்தான் வாங்கினார், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம். மோட்டார் ரூம் பலகை காலியா இருக்கு. பேக் ரெண்டும் வீட்டுக்குள்ள, மாடிப்படிக்கு அடியில். போன வாரம் போனபோது அத்தை சிரிச்சாங்க: "இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்தறதையும் நிறுத்தப் பார்த்தாருங்க. அது வேற, இது வேறன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."