கடைசிப் பத்து மீட்டர்

2025-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' என்ற கொரியத் தொடரில் நாயகியின் அம்மா ஒரு ஹேன்யோ. ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுக்கும் பெண்களை அங்கே அப்படி அழைக்கிறார்கள். அந்தத் தாய் இளம் வயதிலேயே இறந்துபோவதைப் பார்த்து அழுதவர்களுக்குத் தூத்துக்குடியை நினைவுபடுத்த வேண்டும். இங்கே திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுக்கு ஒற்றை மூச்சில்தான் இறங்கினார்கள்.

முத்துச்சிப்பிகள் வாழும் இந்தக் கடலடித் திட்டுகள் பெரும்பாலும் பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில் கிடக்கும். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளிப் போட்டு, ஒரு நிமிடம் முன்பின்னாக மேலே வந்துவிட வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் உடல் செய்யும் வேலை வியப்பானது. முகத்தில் தண்ணீர் பட்டு மூச்சும் நின்றதும் இதயத் துடிப்பு குறைகிறது. கை, கால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை கிடைக்கிறது. மண்ணீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களைப் பிழிந்து விடுகிறது. 2025-ல் வெளியான ஓர் ஆய்வு, ஹேன்யோக்களின் துடிப்பு மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகக் குறைவதைக் காட்டியது. வாழ்நாள் பயிற்சியின் பலன் அது. நம் குளியாட்களின் உடலையும் இதே அக்கறையோடு அளந்து பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த உடலுக்கு ஒரு குறை உண்டு. மூச்சு முட்டுவது ஆக்சிஜன் தீர்வதால் என்று நினைக்கிறோம். உண்மையில், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போதுதான் மூளை மூச்சுக்குத் தவிக்கிறது. குதிக்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுபவர் அந்த வாயுவை வெளியேற்றிவிடுகிறார். ஆக்சிஜனோ பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் தவிப்பு வரவேண்டிய நேரத்தில் வராது.

அதோடு ஆழமும் ஏமாற்றுகிறது. இருபது மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. நுரையீரல் காற்றில் ஆக்சிஜன் 6 சதவீதமாக இறங்கியிருந்தாலும், அந்த அழுத்தத்தில் அது கரையில் 18 சதவீதம் இருப்பதற்குச் சமம். ஆள் தெளிவாக இருப்பார். இன்னொரு சங்கு தெரிந்தால் கையும் நீளும். மேலே வர வர அழுத்தம் குறைகிறது. பத்து மீட்டரில் 12-க்குச் சமமாக இருந்தது, நீர்மட்டத்தை எட்டும்போது வெறும் 6. வெளிச்சம் தெரியும் அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான், எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்புகிறது.

படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயில் மூச்சு வாங்கி இறங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களை நைட்ரஜன் பிடிக்கும். அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சட்டென ஏறினால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். கால் விளங்காமல் போகலாம்.

மூச்சடக்கி இறங்குபவருக்கோ மேலே இருப்பவரின் கண்தான் காவல். முத்துக்குளிப்புக் காலத்தில் கயிற்றின் மேல்முனையை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலிக்குப் பொறுப்பானவன் கண்ணயர மாட்டான் அல்லவா? நினைவு தப்பியவரின் முகத்தை உடனே தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டால், பெரும்பாலும் சில நொடிகளில் தானாக மூச்சு திரும்பிவிடும். தனியாக இருந்தால் அதே மயக்கம் சாவு. தலை வெளியே தெரிந்ததும் கண்ணை எடுத்துவிடவும் கூடாது: முதல் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். அதனால்தான் மூச்சடக்கி மூழ்கும் பயிற்சியில், மேலே வந்தவரை அரை நிமிடமாவது பக்கத்திலேயே நின்று பார்க்கச் சொல்கிறார்கள்.