கல்லறையும் கொல்லையும்

நவம்பர் 2 நெருங்கியதும் நம் பங்கு மக்கள் மண்வெட்டியும் அரிவாளும் ஏந்திக் கல்லறைத் தோட்டத்திற்கு விரைகின்றனர். புதர் வெட்டி, புல் செதுக்கி, மரித்தோரின் இடத்தைத் துப்புரவாக்குகின்றனர். போற்றத்தக்க பக்தி! ஆனால், உயிரோடிருப்போரின் கொல்லைப்புறத்தை யார் செதுக்குவது?

மழைக்காலத்திலும் அதனை அடுத்த குளிர்மாதங்களிலும் தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் மிகுகிறது. இதைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் காணும் பெரிய உண்ணியன்று. புதரிலும் உயர்ந்த புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் குஞ்சு. எலிகள் நடமாடும் இடத்தில் அதுவும் பெருகும். கடித்து ஏறத்தாழ 10 நாட்களில் காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். அக்குள், இடுப்பு போன்ற மறைவிடங்களில் சூடுபட்டாற்போன்ற கருநிறப் புண் காணப்படலாம். பெரும்பாலும் வலிக்காததால் பலர் அதனைக் கவனிப்பதில்லை. தொடக்கத்திலேயே உரிய மருந்து கொடுத்தால் குணமாகும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, வீட்டைச் சுற்றிப் புதர் மண்டவிடாதிருப்போம். விறகையும் ஓலையையும் சுவரோரம் குவிக்காது, தள்ளி, மேடைமேல் அடுக்குவோம். எலிக்கு இரையாகும் சோற்றையும் தானியத்தையும் சிதறவிடாதிருப்போம். துணிகளைச் செடிமேல் விரிக்காது கொடியில் உலர்த்துவோம். கொல்லையிலாயினும் கல்லறையிலாயினும், புதர் வெட்டும்போது கைகால்களை மூடிக்கொள்வோம். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடுத்தியவற்றைத் துவைப்போம்.

காய்ச்சல் கண்ட பிள்ளையை மந்திரிக்க நம்மிடம் கொணரும் தாய்மாரே! மனமுவந்து செபிக்கிறோம். ஆனால், அன்றே மருத்துவரிடமும் காட்டுங்கள். பிள்ளை புதரருகே விளையாடியதையும் மறவாது சொல்லுங்கள்.

தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கவே அன்றோ ஆண்டவர் முதல் மனிதனை ஏதேனில் வைத்தார்!