கன்றீன்ற பசு கால் தளர்ந்து வீழ்வதேன்?

கன்று ஈன்ற ஓரிரு நாட்களுக்குள், நன்றாகக் கறக்கும் பசு திடீரெனக் கால் தளர்ந்து படுத்து, எழுந்திருக்க இயலாமற் போவதுண்டு. தலையை விலாப்புறமாக மடித்து வைத்துக்கொள்ளும், செவிகள் சில்லிடும், மூக்கு வறளும். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர் வழங்கினும், தேகச் சூடு ஏறுவதில்லை. பெரும்பாலும் குறையவே செய்யும். இதன் காரணத்தை உணர்வதற்கு இரத்தம், எலும்பு, இணைப்புத் திசு ஆகிய மூன்றின் இயல்பையும் சிறிது அறிதல் அவசியம்.

இம்மூன்றும் பார்வைக்கு வேறுபட்டிருப்பினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் நுண்ணிய உயிரணுக்கள் வேறொரு பொருளினிடையே பரவிக் கிடக்கின்றன. அப்பொருள் இரத்தத்தில் நீர்மமாகவும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களில் வலிய நாராகவும், எலும்பில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் கலந்து இறுகியும் இருக்கின்றது.

இதை வீட்டிலேயே சோதித்தறியலாம். கோழியின் கால் எலும்பொன்றைச் சில நாள் காடியில் ஊறவைத்தால், சுண்ணாம்புச் சத்து கரைந்து அவ்வெலும்பு வளையத் தொடங்கும். மற்றொன்றைத் தீயிலிட்டுச் சுட்டால், நார் எரிந்துபோய், உருவம் மாறாமலிருந்தும் எளிதில் நொறுங்கும். மூங்கிற் பிளாச்சு வைத்து மண் பூசிய சுவரைப் போல, இரண்டும் கூடியிருப்பதே எலும்பின் வலிமையாகும்.

ஆனால் எலும்பு உயிரற்ற தூண் அன்று. அதனுள்ளிருக்கும் மச்சையில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உற்பத்தியாகின்றன. மேலும், தேகத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 100-க்கு 99 பங்கு எலும்பிலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எலும்பு குதிரென்றால், இரத்தம் அன்றாடச் செலவுக்கு அளந்தெடுத்த படி நெல். அச்சிறு அளவும் குறைந்தால் தசைகள் தம் தொழிலைச் செய்யமாட்டா.

பசுவின் இரத்த நீரில் ஒரு சமயத்தில் ஓடும் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 3 கிராமே. சீம்பால் ஒரு லிட்டரில் 2 கிராமுக்குக் குறையாமல் அச்சத்து செல்கிறது. ஆகவே 10 லிட்டர் சீம்பால் சுரக்கும் பசுவின் இரத்தம், தன்னிடமுள்ளதைப் போல் பன்மடங்கு இழந்து, இழந்ததை உடனுக்குடன் எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் நிரப்பிக்கொள்ள வேண்டும். வயதேறிய பசுக்களில் எலும்பு விரைவில் ஈடுகொடாது. எனவே மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்டவையும், மிகுதியாகக் கறப்பவையும், ஜெர்ஸி இனத்தவையும் இந்நோய்க்கு அதிகம் உள்ளாகின்றன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதே நோயின் மூலம் என்பதை எடின்பரோ நகரத்து டிரையர், கிரேக் என்னும் இருவர் 1925-இல் எடுத்துரைத்தனர்.

வீழ்ந்த பசுவுக்கு வாய்வழியாகக் கஷாயமோ எண்ணெயோ புகட்டலாகாது. விழுங்கும் சக்தி குன்றியிருப்பதால் அது நுரையீரலிற் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும். பக்கவாட்டிற் சாயவிடாது, வைக்கோல் அடைத்த சாக்குகளை முட்டுக்கொடுத்து, மார்பு தரையிற் படியும்படி அமர்த்தி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். அவர் சுண்ணாம்புச் சத்து மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாகச் செலுத்துவார். விரைந்து செலுத்தினால் இதயம் பாதிக்கப்படுமாதலால், இது பழகாதவர் கைவைக்கும் காரியமன்று. உரிய காலத்திற் செய்தால், பல பசுக்கள் சில மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கும்.

சினைப்பசுவுக்குக் கடைசி வாரங்களில் சுண்ணாம்புச் சத்தை மிதமிஞ்சிக் கொடுப்பது நன்மை தருமென எண்ணுவது தவறு. தீனியிலேயே தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து அதனை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் மந்தப்பட்டுவிடும்; ஈன்ற அன்று தேவை மிகும்போது குதிரின் வாய் திறவாது. தாது உப்புக் கலவையை எப்பொழுது, எவ்வளவு கொடுப்பதென்பதை மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே திட்டம் செய்துகொள்வது, பசுவையும் பாலையும் ஒருங்கே காப்பாற்றும் வழியாகும்.